சி++ புராஜெக்ட்டில் வெளி லைப்ரரிகள்: உள்ளேயே வைப்பதா, பில்டின்போது இறக்குவதா?

வெளி லைப்ரரிகளை இறக்கித் தர ரஸ்ட் மொழிக்குக் கார்கோ இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு என்பிஎம். சி++-க்கு மட்டும் இன்றுவரை எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே வழி என்று எதுவும் இல்லை. ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் என்றால் இன்னும் சிக்கல், ஏனென்றால் பில்ட் செய்யப்போவது நம் டீம் மட்டுமல்ல, முன்பின் தெரியாத புதியவரும் டெபியன் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்கு (லினக்ஸ் தொகுப்பு) பேக்கேஜ் பராமரிப்பவரும்தான்.

லைப்ரரியின் கோடை அப்படியே ரெப்போவுக்குள் காப்பி செய்து வைப்பதை (வென்டரிங்) பலர் பார்த்தவுடன் முகம் சுளிப்பார்கள். கோடோட் கேம் எஞ்சின் இதைத்தான் செய்கிறது. ஃப்ரீடைப் (எழுத்துரு), ஸீலிப் (கம்ப்ரஷன்) என்று ஏகப்பட்டவை 'தேர்ட்பார்ட்டி' ஃபோல்டரில் இருக்கின்றன. கூடவே ஒரு ரீட்மீ, அதில் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எந்த வெர்ஷன், என்ன லைசென்ஸ், எந்தெந்த ஃபைல்களை எடுத்தார்கள், என்ன பேட்ச் போட்டார்கள் என்று ஒரு கணக்குப் பிள்ளையின் பேரேடு மாதிரி எழுதிவைத்திருக்கிறார்கள். லினக்ஸில் சிஸ்டம் லைப்ரரியே போதும் என்பவர் 'பில்ட்இன்_ஃப்ரீடைப்=நோ' என்று கொடுத்துவிடலாம். அந்த ரீட்மீ இல்லாமல் காப்பி மட்டும் செய்தால்தான் வம்பு. 2022 மார்ச்சில் ஸீலிப் 1.2.12 ஒரு மெமரி கோளாறைச் சரிசெய்தது (பாதுகாப்புக் குறைபாட்டுப் பதிவு எண் சிவிஇ-2018-25032). சிஸ்டம் லைப்ரரியை நம்பியவர்களுக்கு டிஸ்ட்ரோ அப்டேட்டோடு வேலை முடிந்தது. உள்ளே காப்பி வைத்திருந்தவர்களோ, அது எந்த வெர்ஷன் என்று தேடுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

கிட் சப்மாட்யூல் (லைப்ரரியின் ரெப்போவை ஒரு குறிப்பிட்ட கமிட்டோடு நம் ரெப்போவில் இணைத்துவைப்பது) பார்க்க அழகு, பழக எரிச்சல். கமிட் துல்லியமாகப் பதிவாகிறது, சரி. ஆனால் சாதாரணமாக குளோன் செய்பவருக்குக் காலி ஃபோல்டர்தான் கிடைக்கும். கிட்ஹப்பின் டவுன்லோட் ஸிப்பிலும் சப்மாட்யூல் வராது. புதியவர் போடும் முதல் இஷ்யூவே 'பில்ட் ஆகவில்லை' என்பதாகத்தான் இருக்கும். என் பட்டியலில் இதற்குக் கடைசி இடம்.

பில்ட் கருவியான சிமேக்கின் ஃபெட்ச்கன்டென்ட் (சிமேக் 3.11 முதல் உண்டு) கான்ஃபிகர் செய்யும்போதே சோர்ஸை இறக்கிவிடும், புதியவர் தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். இரண்டு இடத்தில் கவனம் தேவை. அதன் 'கிட்_டேக்' ஆப்ஷனில் 'மெயின்' என்று பிராஞ்ச் பெயரைப் போடாதீர்கள், முழு கமிட் ஹாஷைப் போடுங்கள். கிட்ஹப் தானாக உருவாக்கும் சோர்ஸ் டார்பாலின் (சுருக்கிய சோர்ஸ் தொகுப்பு) செக்சம்மையும் (ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்கும் ஹாஷ்) நம்பாதீர்கள்: 2023 ஜனவரி இறுதியில் கம்ப்ரஷன் முறை மாறியதால் அந்த செக்சம்கள் மாறி, ஊர்ப்பட்ட பில்ட்கள் உடைந்தன, கிட்ஹப் மாற்றத்தைப் பின்வாங்கியது. மெயின்டெய்னரே ரிலீஸில் ஏற்றிய ஃபைல் இருந்தால் அதை எடுங்கள். அதுவும் முழுக் காப்பு என்று சொல்லிவிட முடியாது. 2024-இல் எக்ஸ்ஸெட் என்ற கம்ப்ரஷன் மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் யாரோ ஒளித்துவைத்த பின்கதவு முழுமையாக வந்ததே ரிலீஸ் டார்பால் வழியாகத்தான். ஹாஷ் பொருந்தினால் அதே ஃபைல் வந்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

விசிபிகேஜி, கோனன் என்ற சி++ பேக்கேஜ் மேனேஜர்கள் இரண்டும் பெரிய புராஜெக்ட்டுக்கு, அதிலும் விண்டோஸ் பயனர்கள் நிறைய இருந்தால், நல்ல தேர்வு. விசிபிகேஜியில் பேஸ்லைன் கமிட் ஒன்றைக் குறித்துவிட்டால் எல்லா வெர்ஷனும் அதிலிருந்து முடிவாகும், ஆனால் கேஷ் இல்லாத முதல் பில்டில் க்யூடி மாதிரி பெரிய லைப்ரரி ஏதாவது இருந்தால் டீ குடித்துவிட்டு, அப்புறம் சாப்பாடும் முடித்துவிட்டு வரலாம். கோனன் பல நேரம் ரெடி பைனரியாகவே தரும். பைத்தான் வேண்டும், 2.0 வந்தபோது பழைய ரெசிப்பிகளைத் திருத்தவும் வேண்டியிருந்தது.

நாலைந்து லைப்ரரி மட்டுமே உள்ள புராஜெக்ட் என்றால் என் ஓட்டு கலவைக்கு. சிமேக் 3.24 முதல் ஃபெட்ச்கன்டென்ட்டோடு 'ஃபைண்ட்_பேக்கேஜ்_ஆர்க்ஸ்' சேர்த்துக் கொடுத்தால் முதலில் சிஸ்டத்தில் தேடும், கிடைக்காவிட்டால்தான் இறக்கும். டெபியன் பில்டில் நெட்வொர்க் கூடாது என்பது விதி, அதனால் பேக்கேஜ் செய்பவர் பேட்ச் போட்டு நம்மைத் திட்ட வேண்டிய அவசியம் இருக்காது. டெஸ்ட்டுக்கு மட்டும் தேவைப்படும் கேட்ச்2 (டெஸ்ட் எழுதும் லைப்ரரி) போன்றவற்றை டெஸ்ட் ஆப்ஷனுக்குள் தள்ளிவிடுங்கள், வெறுமனே இன்ஸ்டால் செய்ய வந்தவர் அதை ஏன் இறக்க வேண்டும்?