ஓக் பீப்பாயில் ஊறிய மூன்று பீர்கள்: எது திகட்டுகிறது, எது திகட்டவில்லை

இனிப்பான பீரில் முதல் வாய் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். கிளாஸ் பாதி காலியான பிறகுதான் அதன் குணம் தெரியவரும். கை தானாக மறுபடி கிளாஸை எடுக்கிறதா, இல்லை திகட்டிப்போய் அப்படியே மேஜையில் விட்டுவிடுகிறதா? ஓக் பீப்பாயோடு தொடர்புள்ள மூன்று பீர்களை இந்த ஒரு கேள்வியோடு ஒரே மாலையில் குடித்துப் பார்த்தேன். ஸ்காட்லாந்தின் இன்னிஸ் அண்ட் கன் ஒரிஜினல், அதே நாட்டின் ஓலா டூ 12, மான்செஸ்டர் பக்கத்து ஜே. டபிள்யூ. லீஸ் ஆலையின் ஹார்வெஸ்ட் ஏல். ஆல்கஹால் அளவு முறையே 6.6, 8, 11.5 சதவீதம்.

ஓக் மரம் பீருக்கு என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பீப்பாய் செய்யும்போது அதன் உட்புறத்தைத் தீயில் வாட்டுவார்கள், சிலவற்றைக் கருக்கவே செய்வார்கள். அந்தச் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் சிதைந்து, வெனிலா மணம் தரும் வெனிலின் உண்டாகிறது. மரத்தின் சர்க்கரைப் பொருட்கள் பாகு முற்றியதுபோல மணக்கின்றன. அமெரிக்க ஓக்கில் தேங்காய் வாசனையும் சேரும். இதெல்லாம் இனிப்பின் பக்கம். இன்னொரு பக்கம், மரத்திலிருந்து டானின் இறங்குகிறது. நமக்கு அது அறுசுவையில் ஒன்றான துவர்ப்பு. வாழைப்பூவிலும் நாவல்பழத்திலும் நாக்கை இழுத்துப் பிடிக்கும் அதே சுவை. ஓக் பீரில் நான் முதலில் தேடுவது இதைத்தான். மால்ட்டின், அதாவது முளைகட்டிய பார்லியின் இனிப்பு, மரத்தின் இனிப்பு மணம் இரண்டும் சேரும் இடத்தில் கடிவாளம் போடத் துவர்ப்போ கசப்போ புகையோ ஏதாவது ஒன்று வேண்டும்.

சரி, இன்னிஸ் அண்ட் கன். இது பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. வில்லியம் கிராண்ட் அண்ட் சன்ஸ் என்ற விஸ்கி நிறுவனம், ஏல் என்ற பீர் வகையின் மணம் ஏறிய பீப்பாயில் தன் விஸ்கியை முதிரவைக்க நினைத்தது. அதற்காக எடின்பரோவைச் சேர்ந்த டூகல் ஷார்ப் என்ற மதுக்காய்ச்சுநர் ஒரு பீரை உருவாக்கிக் கொடுத்தார். பீப்பாயைப் பழக்குவதுதான் அந்தப் பீரின் வேலை. வேலை முடிந்ததும் அதைக் கொட்டிவிடுவார்கள். கொட்டப்போகும் பீரைச் சுவைத்துப் பார்த்த ஆலைத் தொழிலாளிகள், இது அருமையாக இருக்கிறதே என்று சொல்ல, 2003இல் அது தனி பீராகச் சந்தைக்கு வந்தது. பெயர் ஷார்ப் சகோதரர்கள் இருவரின் நடுப்பெயர்களிலிருந்து வந்தது.

நிறம் தேன். மூக்கருகே கொண்டுபோனதும் வெனிலா, டாஃபி, லேசான ஆரஞ்சுத் தோல். வாயில் மென்மையாக, வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. ஓக் பீரே குடித்திராத நண்பருக்கு இதைவிட நல்ல அறிமுகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் துவர்ப்பைத் தேடினால் கைக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் ஒதுங்கியே நிற்கிறது. வெனிலா ஏறிக்கொண்டே போக, அதைத் தடுத்து நிறுத்த உள்ளே ஆளில்லை. ஒரு பாட்டில் போதும் என்று நாக்கு சொல்லிவிடுகிறது. அப்புறம், இந்தப் பீரை நிறமற்ற பாட்டிலில் பார்த்தால் கடையில் வெளிச்சம் படாத இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருள் வெளிச்சத்தில் சிதைந்து கெட்ட வாடை தரும். பழுப்புக் கண்ணாடி தரும் பாதுகாப்பு நிறமற்ற கண்ணாடியில் இல்லை.

ஓலா டூ வேறு மாதிரி. பெயருக்கு ஸ்காட்டிஷ் கேலிக்கில் கருப்பு எண்ணெய் என்று பொருள், கிளாஸில் ஊற்றினால் பொருத்தமான பெயர்தான் என்று தோன்றும். ஹார்விஸ்டவுன் ஆலை 2007இல் கொண்டுவந்தது. தங்களுடைய ஓல்ட் எஞ்சின் ஆயில் என்ற கருப்பு பீரை வலிமை கூட்டி, ஆர்க்னி தீவின் ஹைலேண்ட் பார்க் விஸ்கி இருந்த பீப்பாய்களில் ஊறவைக்கிறார்கள். லேபிளில் இருக்கும் 12 என்ற எண்ணைப் பலர் பீரின் வயது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பீப்பாயில் முன்பு இருந்த விஸ்கியின் வயது அது. 16, 18, 30 என்றும் வந்திருக்கின்றன.

இதில் இனிப்புக்குக் குறைவே இல்லை. கருப்பட்டி, கோகோ, உலர்ந்த திராட்சை எல்லாம் வரிசையாக வருகின்றன. ஆனால் ஒவ்வொரு மிடறின் முடிவிலும் வறுத்த பார்லியின் கசப்பு, டிகாக்‌ஷனின் அடிக்கசப்பு மாதிரி, வந்து வாயைத் துடைத்துவிடுகிறது. அதன் பின்னால் மரத்தின் துவர்ப்பு, அதற்கும் பின்னால் மெல்லிய புகை. ஆர்க்னியில் மால்ட்டை உலர்த்த எரிக்கும் பீட் என்ற சதுப்பு நிலத்துக் கரிமண்ணின் புகை, விஸ்கி வழியாகப் பீப்பாய்க்கு வந்து, பீப்பாய் வழியாகப் பீருக்கும் வந்திருக்கிறது. அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆன சமையலறையில் மிச்சமிருக்கும் வாசனை அளவுக்குத்தான். என் கேள்விக்கு இந்தப் பீர் கொடுத்த பதில் தெளிவானது: கிளாஸ் காலியானது எனக்குத் தெரியவேயில்லை.

ஹார்வெஸ்ட் ஏலுக்கு அவசரம் ஆகாது. 1986 முதல் ஆண்டுக்கொரு முறை, அந்த அறுவடையின் மாரிஸ் ஆட்டர் பார்லியையும் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸையும் கொண்டு காய்ச்சுவது. பீப்பாய் ஏறாத சாதா வகையே பேரீச்சம்பழப் பாகுபோல அடர்த்தியானது. அதை லகவூலின் விஸ்கி, கால்வடோஸ் என்ற ஆப்பிள் பிராந்தி, ஷெர்ரி ஒயின், போர்ட் ஒயின் பீப்பாய்களில் ஊறவைத்தும் விற்றிருக்கிறார்கள். நான் திறந்தது லகவூலின். அந்த விஸ்கி பிறக்கும் ஐலா தீவின் புகைக்கு அடக்கம் கிடையாது. கடற்கரை உப்புக்காற்று, டிங்சர் வாடை, கரிந்த கயிறு எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அடியில் அத்தனை கனமான இனிப்பு, மேலே இத்தனை முரட்டுப் புகை. இரண்டும் மோதுமோ என்று பயந்தேன். முதல் இரண்டு மிடறில் மோதவும் செய்தன. பத்து நிமிடம் விட்டு, கிளாஸின் குளிர் சற்று இறங்கிய பிறகு குடித்தபோது சமாதானமாகிவிட்டன. ஆனாலும் இது கிளாஸ் கிளாஸாகக் குடிக்கும் பீர் இல்லை. 275 மில்லி பாட்டிலை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதுதான் அளவு. புகை மணத்தை விரும்பாதவர்கள் கால்வடோஸ் வகையைத் தேடலாம். ஆப்பிள் பிராந்தியின் மணம் அந்தப் பாகு இனிப்போடு எளிதாகச் சேரும்.

மூன்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நான் யோசிக்காமல் ஓலா டூவை எடுப்பேன். சிக்கலான சுவை என்று பார்த்தால் ஹார்வெஸ்ட் ஏல் அதைவிட ஒரு படி மேல். ஆனால் அதற்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்க வேண்டும். விலையில் இன்னிஸ் அண்ட் கன்தான் மற்ற இரண்டையும்விடச் சுலபம், குளிரக் குடித்தாலும் கெடாது. மற்ற இரண்டையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் பாதி மணம் மூடியே இருக்கும். அரை மணி நேரமாவது வெளியே வைத்து, 12 டிகிரி அளவுக்கு வந்தபின் ஊற்றுங்கள்.

ஹார்வெஸ்ட் ஏல் கிடைத்தால் ஒரே ஆண்டின் இரண்டு பாட்டில்களாக வாங்குங்கள். ஒன்றை இந்தக் குளிர்காலத்தில் திறந்துவிடலாம். மற்றொன்றை இருட்டான அலமாரியில் நிற்கவைத்து, நான்கைந்து ஆண்டு கழித்து எடுங்கள்.