மோட்டார் வைண்டிங்காரர் வீட்டில் ஓர் ஆக்ஸிஜன் மெஷின்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நுரையீரல் நோயாளி இருந்து, இனி தினமும் ஆக்ஸிஜன் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால், ஐந்து லிட்டர் கான்சென்ட்ரேட்டரை, அதாவது காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு ஐந்து லிட்டர்வரை கொடுக்கும் மெஷினை, தாராளமாக எடுக்கலாம். சத்தம் போடும், அறையைச் சூடாக்கும், கரண்ட் போனால் கையை விரித்துவிடும். ஆனாலும் எடுக்கலாம். எங்கள் வீட்டில் சில வருடங்கள் ராப்பகலாக ஓடியது. பயன்படுத்தியவர் என் அப்பா. அவர் இப்போது இல்லை. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, தேவைப்படுகிற இன்னொருவருக்குக் கொடுக்கப் போகிறோம். அதற்கு முன்னால் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கம்பெனி பெயரைப் போடவில்லை, ஏனென்றால் பின்னால் கொஞ்சம் திட்டப் போகிறேன். இந்த அளவு மெஷின்கள் எல்லாம் உள்ளே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

அப்பாவுக்கு மோட்டார் வைண்டிங் தொழில். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய காயிலை வெட்டி எடுத்து, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து ஓட்டிக் காட்டுவார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் படித்தோம், சித்தப்பாவும் படித்தார். நாங்கள் எழுந்திருக்கும்போது அப்பா பட்டறையில் இருப்பார், தூங்கப் போகும்போதும் பட்டறையில்தான் இருப்பார். கருகல் புகை, வார்னிஷ் நெடி, இடையிடையே சிகரெட். சிகரெட்டைப் பின்னாளில் அடியோடு விட்டுவிட்டார், ஆனால் அதற்குள் சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் மாடிப்படி ஏற முடியவில்லை, அப்புறம் தெருமுனைவரை போக முடியவில்லை, கடைசியில் சட்டை பட்டன் போடுவதற்கே நடுவில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

மெஷினைக் கொண்டுவந்த பையன் பட்டன்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். அப்பா எதையும் பார்க்கவில்லை. மெஷின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். "கம்ப்ரஸர் நல்லா இருக்கு தம்பி. இடது பக்கம் என்னமோ லூசா ஆடுது பாரு" என்றார். பின்மூடியில் ஒரு ஸ்க்ரூ சரியாக முடுக்கப்படாமல் இருந்தது. அதன் பிறகுதான் அவருக்கு மெஷின்மேல் ஒரு மரியாதை வந்தது என்று நினைக்கிறேன்.

உள்ளே நடப்பது எளிமையானதுதான். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்ஸிஜன். கம்ப்ரஸர் அறைக் காற்றை இழுத்து அழுத்தி, ஜியோலைட் மணிகள் நிரப்பிய குழாய்க்குள் அனுப்புகிறது. அழுத்தம் இருக்கும்வரை அந்த மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, ஆக்ஸிஜன் தாண்டி வெளியே வருகிறது. இரண்டு குழாய்கள் மாறிமாறி வேலை செய்யும். ஒன்று ஆக்ஸிஜன் கொடுக்கும்போது மற்றொன்று பிடித்துவைத்த நைட்ரஜனை வெளியே துப்பிவிடும். சில விநாடிகளுக்கு ஒருமுறை 'புஸ்' என்று கேட்பது அதுதான். வெளியே வருவது 93 சதவீதத்தை ஒட்டிய ஆக்ஸிஜன். சிலிண்டர் தீர்ந்துபோகும், கரண்ட் இருக்கும்வரை இது தீராது. "வெளியிலிருந்து எதையும் வாங்காம காத்தையே பிரிச்சுக் கொடுக்குதா? செஞ்சவன் கெட்டிக்காரன்தான்" என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து இன்னொரு மெக்கானிக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் மூக்கில் ட்யூபை மாட்டிக்கொண்டு உட்காரச் சொன்னால் கேட்பாரா? ஒரு மணி நேரம் மாட்டுவார், கழற்றிவிட்டு, "இப்ப பரவாயில்லை" என்பார். டாக்டர்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் மிகவும் குறைந்துபோன சிஓபிடி நோயாளிகளை வைத்து 1980-இல் அமெரிக்காவிலும் 1981-இல் பிரிட்டனிலும் ஆய்வுகள் வந்தன. பிரிட்டன் ஆய்வில் தினமும் 15 மணி நேரமாவது ஆக்ஸிஜன் எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிட அதிக காலம் இருந்தார்கள். மூச்சு வாங்கும்போது மட்டும் மாட்டிக்கொள்கிற சமாச்சாரம் இல்லை இது. 15 மணி நேரம் என்றதும் அப்பா நிமிர்ந்தார். அவர் ஆயுசு முழுக்க வேலை பார்த்த கணக்கும் ஏறக்குறைய அதுதானே. பட்டறை வரவுசெலவு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, கோடு போட்டுப் பத்தி பிரித்தார்: தேதி, ஓடிய மணி, ஃபில்டர் கழுவியது, விரலில் மாட்டும் கருவி காட்டிய ஆக்ஸிஜன் அளவு. மெஷினில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அப்பா தினமும் காலையில் அதைப் படிக்கச் சொல்லி எழுதிக்கொள்வார்.

வாங்குபவர்கள் கேட்கவேண்டிய முக்கியமான விஷயம் ட்யூப். மெஷினுடன் வருவது சின்னதாக இருக்கும். அதையே வைத்துக்கொண்டால் நோயாளி கட்டிலோடு கட்டிலாகிவிடுவார். எங்கள் மாடலில் 15 மீட்டர்வரை நீட்டிக்கொள்ளலாம் என்று புத்தகத்திலேயே இருந்தது. உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேரன் கையில் டேப்பைக் கொடுத்து வீட்டை அளக்கவைத்தார். கட்டிலிலிருந்து குளியலறை, குளியலறையிலிருந்து ஜன்னலோர மேசை, மேசையிலிருந்து வாசல். எல்லாவற்றுக்கும் எட்டுகிற மாதிரி நடுக்கூடத்தில் ஓர் இடத்தைக் குறித்து, மெஷின் அங்கேதான் இருக்கவேண்டும் என்றார். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளியே வைத்தோம், ஒட்டி வைத்தால் காற்று இழுக்க முடியாமல் சூடாகும். வாசல்வரை போய் நின்று வருகிறவர்களிடம் பேச முடிந்தது அந்தக் கணக்கினால்தான்.

சத்தம் பற்றிப் பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். ராத்திரி அமைதியில் நன்றாகவே கேட்கும். அப்பா பட்டறையிலிருந்து பழைய ரப்பர் ஷீட் கொண்டுவரச் சொல்லி நான்கு சக்கரத்துக்கும் அடியில் போட்டார், தரை அதிர்வது கணிசமாகக் குறைந்தது. அம்மாவுக்கு முதலில் தூக்கமே வரவில்லை. போகப்போக அந்தச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வந்தது.

சின்னத் தொல்லைகள் நிறைய. காதுக்குப் பின்னால் ட்யூப் உராய்ந்து புண்ணாகும், அந்த இடத்தில் மெத்தென்ற உறை சுற்றிவிடுங்கள். மூக்கு வறண்டால் பெட்ரோலியம் ஜெல்லி தடவாதீர்கள். ஆக்ஸிஜன் பக்கத்தில் எண்ணெய்ப் பசையுள்ள எதுவும் தீப்பற்றும் அபாயம், தண்ணீர் சார்ந்த ஜெல்தான் சரி. ஆக்ஸிஜனை ஈரப்படுத்தி அனுப்பும் ஈரப்பதப் பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். அந்த மூடியின் மரை மட்டமானது, கொஞ்சம் கோணலாகத் திருகினாலும் காற்று கசியும். அதற்காகவே அரை ஸ்டார் குறைக்கிறேன்.

நெருப்பு விஷயத்தில்தான் பெரிய சண்டை வந்தது. அப்பாவிடம் வேலை கற்ற அண்ணன் பட்டறையைப் பார்த்துக்கொண்டார், சின்னச் சின்ன வேலைகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். காயில் சுற்றலாம், வார்னிஷும் சால்டரிங் அயர்னும் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டோம். "சால்டர் வைக்காம இதென்ன வேலை, பாதி வேலை" என்று அப்பா ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவரே சமாதானமாகி, சுற்றுவது நான், பற்றவைப்பது அவன் என்று பிரித்துக்கொண்டார். அவர் சுற்று எண்ணும்போது யாரும் பேசக்கூடாது, அது சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டுச் சட்டம். முன்பெல்லாம் உதடு அசையும். மெஷின் வந்த பிறகு எண்ணுவதற்கும் மூச்சு போதவில்லை. ஒவ்வொரு பத்துச் சுற்றுக்கும் இடதுகை விரலால் மேசையில் ஒரு தட்டு தட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேரனைக் கோடு போடச் சொல்வார்.

இன்னொரு எச்சரிக்கை. வருகிற உறவினர்கள் யாரையும் ஆக்ஸிஜன் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தொடவிடாதீர்கள். சித்தப்பா ஒருநாள் பாசத்தில் இரண்டு லிட்டரிலிருந்து நாலுக்குத் திருப்பிவிட்டார், தன் அண்ணன் நன்றாக மூச்சு விடட்டும் என்று. சிஓபிடி முற்றியவர்களுக்கு ஆக்ஸிஜன் அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு சேரலாம். அப்பாவுக்கு விரல் கருவியில் 88-லிருந்து 92 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவே எழுந்துபோய்க் குறைத்துவிட்டு, "ஓவர் வோல்டேஜ் கொடுத்தா காயில் எரியும்டா" என்றார். சித்தப்பாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இனி திட்டு. ஒருமுறை மஞ்சள் விளக்கு எரிந்தது. வெளியே வரும் ஆக்ஸிஜனின் சுத்தம் குறைந்தால் எரிவது அது. கம்பெனிக்குப் போன் போட்டால், நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தார்கள். அது ஒரு நோயாளியின் மூச்சு என்கிற நினைப்பு எதிர்முனையில் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. கரண்ட் போனால் ஆகட்டும் என்று வாங்கிவைத்த சிலிண்டர்தான் காப்பாற்றியது. அதனால் சிலிண்டர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். முடிந்தால் முதலில் வாடகைக்கு எடுத்து, கூப்பிட்டால் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மெஷினைவிட அந்த போன் நம்பரின் தரம் முக்கியம்.

தோளில் மாட்டும் பேட்டரி மாடலையும் ஆஸ்பத்திரி போய்வர எடுத்துப் பார்த்தோம். பல பேட்டரி மாடல்கள் மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும்தான் ஆக்ஸிஜன் விடும். காரில் போகச் சரி. அப்பா அசந்து தூங்கும்போது மூச்சு லேசாக இருந்ததால் அது உணராமல் விட்டுவிட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

கடைசி மாதங்களில் ஐந்தில் வைத்தும் போதவில்லை. அதை மெஷினின் குறையாக எழுத மனம் வரவில்லை, நுரையீரலில் மிச்சமில்லை. வலிநிவாரண மருத்துவர் கொடுத்த மிகக் குறைந்த அளவு மார்ஃபின் திணறலைத் தணித்தது. முகத்துக்கு நேரே சின்ன ஃபேன் வைக்கச் சொன்னார், அதுவும் உண்மையிலேயே உதவியது. அந்த ஃபேன் அப்பா சுற்றிய காயிலில்தான் ஓடியது. அதை அவர் எங்களிடம் சொல்லிக் காட்டவும் தவறவில்லை. எப்போது என்ன செய்யவேண்டும், ஆஸ்பத்திரியா வீடா என்றெல்லாம் டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். நாங்கள் பேசியிருந்தோம், அப்பா முன்னிலையிலேயே. வீட்டில்தான் இருப்பேன் என்றார். வீட்டிலேயே போனார்.

ஐந்துக்கு நான்கு ஸ்டார். அப்பாவைக் கேட்டால் மூன்றுதான் கொடுத்திருப்பார், உள்ளே பிரித்துப் பார்க்க விடாத எந்தச் சாமானுக்கும் அவர் அதற்குமேல் போட்டதில்லை.

எங்களைப் போல யாரிடமிருந்தாவது பழைய மெஷினை வாங்குகிறீர்கள் என்றால், டெக்னீஷியனை வைத்து அனலைசரில் ஆக்ஸிஜன் சுத்தம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு எடுங்கள். மீட்டரில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். உள் ஃபில்டரை மாற்றச் சொல்லுங்கள். மூக்குக் குழாயும் ஈரப்பதப் பாட்டிலும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். நீள ட்யூபை மட்டும், வீட்டை டேப் வைத்து அளந்த பிறகு வாங்குங்கள்.