கான்வென்ட்டா, சமுதாயப் பள்ளியா: எல்கேஜிக்கு முன் நாங்கள் போட்ட கணக்கு

மேலப்பாளையத்தில் குடியிருந்துகொண்டு பாளையங்கோட்டையில் ஒரு கத்தோலிக்கக் கான்வென்ட்டில் மகளைச் சேர்த்தோம். இப்போது யுகேஜி படிக்கிறாள். சேர்த்த புதிதில் உறவினர்களில் பாதிப் பேர் "ஏன் அங்கே?" என்று கேட்டார்கள். மீதிப் பேர் "எப்படி இடம் கிடைத்தது?" என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்விக்குச் சுவையான பதில் எதுவும் இல்லை. விண்ணப்பம் கொடுக்கும் நாளில் விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்றோம், அவ்வளவுதான். முதல் கேள்வியை விரிவாகப் பார்க்கலாம். வேறு மதத்தார் நடத்தும் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கும் எவருக்கும், அவர் எந்த மதத்தவராக இருந்தாலும், இதே கேள்விதான் வரும்.

எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நம் முஸ்லிம் சமுதாயத்தார் நடத்தும் நர்சரி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் இந்து அறக்கட்டளை நடத்தும் மெட்ரிக் பள்ளி, இந்தக் கான்வென்ட், தெருமுனை அங்கன்வாடி.

அங்கன்வாடியை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். மதச் சிக்கலே வேண்டாம் என்பவர்களுக்கு அதைவிட எளிய வழி இல்லை. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. சத்துணவு, முட்டை, எடை பார்ப்பது எல்லாம் அங்கேயே நடந்துவிடும். 2019இல் தமிழக அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளைத் தொடங்கியது. அப்படி ஒன்று எங்கள் வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் இருந்திருந்தால் கணக்கு வேறு மாதிரி போயிருக்கலாம்.

இந்து அறக்கட்டளைப் பள்ளியை நான் குறை சொல்லப் போவதில்லை. என் கணவரின் நண்பர் பிள்ளைகள் அங்கே நன்றாகத்தான் படிக்கிறார்கள். கட்டணமும் கான்வென்ட்டைவிட அதிகமில்லை. எங்களை நிறுத்தியது சாப்பாட்டுப் பெட்டி. அசைவம் கூடாது, முட்டையும் கூடாது. மூன்று வயதுப் பிள்ளை அவித்த முட்டையைத் தவிர வேறு எதையும் முழுதாகச் சாப்பிடாத காலம் அது. தமிழ்நாட்டில் பல பள்ளிகளில் இந்த விதி உண்டு. விண்ணப்பப் படிவத்தில் இருக்காது, பள்ளி திறந்த பிறகு டைரியில் எழுதி வரும். இந்துக்களிலேயே பெரும்பாலானோர் அசைவம் சாப்பிடும் ஊரில் இந்த விதி யாருக்காக என்று எனக்கு இன்னும் புரியவில்லை. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பணக் கணக்கில் ஒரு செய்தி மட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்கள் நலிந்த பிரிவினருக்கு இலவசம். தமிழ்நாட்டில் அது எல்கேஜியிலேயே தொடங்குகிறது. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அதாவது கான்வென்ட்டிலும் இலவச இடம் இல்லை, நம் சமுதாயப் பள்ளியிலும் இல்லை. அறக்கட்டளை மெட்ரிக் பள்ளியில் உண்டு. வருமானம் குறைவான குடும்பம் என்றால் இந்த ஒன்றே மற்ற எல்லாவற்றையும் அடித்துப் போட்டுவிடும்.

ஆக, உண்மையான போட்டி சமுதாய நர்சரிக்கும் கான்வென்ட்டுக்கும்தான்.

சமுதாய நர்சரியின் பலம் நேரம். அலிஃப், பா, தா என்ற அரபு எழுத்துகள் முதல் குர்ஆனின் சிறிய சூராக்கள் வரை பள்ளி நேரத்திலேயே முடிந்துவிடும். மாலையில் பிள்ளை விளையாடலாம். ரமலானில் பள்ளி நேரம் மாறும், வீடும் பள்ளியும் ஒரே கடிகாரத்தில் ஓடும். சாப்பாட்டில் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. வேன் கிடையாது, நடந்தே போய்விடலாம். ஆசிரியை யாரென்று பார்த்தால் சின்ன மாமியாரின் அண்ணன் மகளாக இருப்பார். என் மாமி, அதாவது கணவரின் தாயார், இந்தப் பட்டியலை விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அதில் ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

கான்வென்ட்டில் காலை ஜெபம் உண்டு. சாப்பிடும் முன் ஜெபம் உண்டு. டிசம்பரில் குடில் கட்டுவார்கள், கலைவிழாவில் தேவதை உடுப்பு போடச் சொல்வார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் பாடவேளையில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. ஆனால் அது ஒன்றாம் வகுப்புக்கு மேல்தான், எல்கேஜியில் எல்லாரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். விடுமுறையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அரையாண்டு விடுமுறை எப்படியும் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் எல்லாப் பள்ளிக்கும் வரும், பெருநாள்களுக்கு அரசு விடுமுறை.

ஜெபத்தைப் பற்றிச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிலையத்தில், பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல் ஒரு சிறாரை மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் சொல்ல முடியாது. அதே 28ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு இது. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தேசிய கீதத்தைப் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்றதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அது தவறு என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேசிய கீதத்துக்கே அப்படி என்றால் ஜெபத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்குச் சட்டப் பிரிவு எதற்கு? எல்லாரும் கைகூப்பிப் பாடும்போது அவளை மட்டும் வாசலில் நிறுத்தச் சொன்னால் அது அவளுக்குத் தண்டனை. நாங்கள் தலைமைச் சகோதரியிடம் பேசிச் சிலவற்றைக் கேட்டுக்கொண்டோம். சிலுவை அடையாளம் போடச் சொல்லிக் கையைப் பிடித்துப் பழக்க வேண்டாம். சாப்பிடும் முன் அவள் பிஸ்மில்லா சொன்னால் தடுக்க வேண்டாம். விழாக்களில் இறைச்சி கொடுக்க வேண்டாம், கேக்கில் மது கலந்திருந்தால் அதுவும் வேண்டாம். அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, "கேக் நம் சமையலறையில் செய்வதுதான் அம்மா, ரம் எல்லாம் கிடையாது" என்று சிரித்தார்.

பிள்ளை சிலுவை அடையாளத்தைத் தானாகவே கற்றுக்கொண்டு வந்தாள், அது வேறு விஷயம். கூட்டத்தோடு சேர்ந்து எதைச் செய்தாலும் அந்த வயதுக்கு அது விளையாட்டு. மாமி முன்னால் ஒரு நாள் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு போட்டுக் காட்டினாள். மாமி என்னைப் பார்த்தாரே தவிர, பிள்ளையைத் திட்டவில்லை. "அது அவங்க பள்ளிக்கூடத்துப் பழக்கம், நம்ம வீட்டுப் பழக்கம் பிஸ்மில்லா" என்று மட்டும் சொன்னார். சில வாரங்கள் இரண்டும் ஓடின. பிறகு வீட்டில் ஒன்றுதான் நின்றது.

இனி, எங்களை முடிவுக்குத் தள்ளிய காரணம். நர்சரியின் நன்மைகளை ஒரு பக்கமும் கான்வென்ட்டின் நன்மைகளை இன்னொரு பக்கமும் எழுதி எண்ணிக்கொண்டிருந்தால் முடிவே வராது. நான் வேறு கேள்வி கேட்டேன். பள்ளி கொடுக்காமல் விட்டால், வெளியே எங்கே அது கிடைக்கும்?

மார்க்கக் கல்வி வெளியே கிடைக்கும். குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கும் மக்தப் நம்மிடம் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது. மாலையில் பள்ளிவாசலில் நடக்கிறது, பக்கத்துத் தெருவில் மார்க்கம் படித்த ஓர் ஆலிமா தம் வீட்டிலேயே சிறு பெண்களுக்கு ஓதிக்கொடுக்கிறார். அரசுப் பள்ளியில் படித்த என் வாப்பாவும் மக்தபில்தான் குர்ஆன் ஓதி முடித்தார். பள்ளிக்கூடம் செய்யாவிட்டால் இதற்கு ஆள் இல்லை என்ற நிலை எங்கள் ஊரில் எப்போதுமே இருந்ததில்லை.

மற்றவர்களோடு சேர்ந்து வளர்வது வெளியே கிடைக்காது. எங்கள் தெருவில் வலது பக்கம் சாச்சா வீடு, இடது பக்கம் மாமா வீடு, எதிரே கணவரின் ஒன்றுவிட்ட அக்கா. பிள்ளை விளையாடுவதும் சண்டை போடுவதும் உறவோடுதான். சமுதாய நர்சரிக்குப் போனால் அதே முகங்கள் சீருடையில் வந்து உட்கார்ந்திருக்கும். விபூதி பூசிய தோழியோ, கழுத்தில் செபமாலை போட்ட தோழியோ அவளுக்கு எங்கிருந்து வருவாள்? இதற்கு மாலை வகுப்பு கிடையாது, கட்டணம் கட்டியும் வாங்க முடியாது.

"அதெல்லாம் கல்லூரியில் வந்துவிடும்" என்று சொல்வார்கள். பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி முஸ்லிம்கள் 1971இல் தொடங்கியது, எல்லா மதத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். உண்மைதான். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்கள் ஆட்களோடு மட்டுமே படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனவள். வேற்று மதத் தோழிகள் கிடைத்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் பதினெட்டு வயதில் ஒருவரை ஒருவர் விருந்தாளியைப் போலத்தான் நடத்தினோம். அவள் என் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தயங்கினாள், நான் அவள் நெற்றியில் இருப்பது எதற்கென்று கேட்கத் தயங்கினேன். என் மகளுக்கு அந்தத் தயக்கம் இல்லை. மாலையில் தான் ஓதப் போவதாகவும், ஞாயிற்றுக்கிழமை ஒரு தோழி கோயிலில் ஜெபம் படிக்கப் போவதாகவும் சொல்லிவிட்டு, இன்னொரு தோழியின் பெயரைச் சொல்லி, "அவள் மட்டும் எங்கே ஓதுகிறாள் உம்மா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவள் அம்மாவிடமே கேட்டேன். "எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லையே, ஆச்சி சொல்கிற கதைதான்" என்றார்.

அந்தப் பதிலில் என் வாதத்தின் எல்லையும் இருக்கிறது. நான் மார்க்கத்தைப் பள்ளிக்கு வெளியே வைக்க முடிந்ததற்கு மக்தப் காரணம். கத்தோலிக்கருக்கு ஞாயிறு மறைக்கல்வி உண்டு, சிஎஸ்ஐ சபையாருக்கு ஓய்வுநாள் பள்ளி உண்டு. இந்துக் குடும்பத்தில் அந்த வேலையை வீட்டிலிருக்கும் ஆச்சியோ தாத்தாவோதான் செய்கிறார்கள். வேலைக்காகச் சென்னையிலோ பெங்களூரிலோ தனிக்குடித்தனம் இருப்பவர்களுக்கு அந்த ஆச்சியும் பக்கத்தில் இல்லை. அப்படிப்பட்டவர்கள் பிள்ளையைக் கான்வென்ட்டிலோ முஸ்லிம் பள்ளியிலோ சேர்த்தால், சொந்த மரபைச் சொல்லிக்கொடுக்கும் வேலை முழுக்கப் பெற்றோர் தலையில் விழும். அதற்கு நேரம் ஒதுக்க முடியுமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்களுக்கும் இது இலவசமாக வரவில்லை. விலையை மாலைப் பொழுது கொடுக்கிறது. காலையில் வேன், மதியம் வீடு, தூக்கம், எழுந்ததும் ஓதல். விளையாட மிஞ்சுவது கொஞ்ச நேரம். இப்போது எல்கேஜி, யுகேஜிக்கு அரை நாள் பள்ளி என்பதால் ஓடுகிறது. ஒன்றாம் வகுப்பில் பள்ளி விட்டு வரவே நான்கு மணிக்கு மேல் ஆகும். அப்போது ஓதலுக்குப் போக அடம்பிடிப்பாளா என்பதை அந்த ஆண்டுதான் பார்க்க வேண்டும். சமுதாய நர்சரிக்குப் போகும் என் நாத்தனார் மகன் மாலை முழுக்கத் தெருவில் பந்து அடிக்கிறான். ஜன்னலில் நின்று அதைப் பார்க்கும் பிள்ளைக்கு என் வாதம் ஒன்றும் புரியப்போவதில்லை. ரமலானில் இது இன்னும் கடினம். நோன்பு வைக்க விடியும் முன் சஹர் உணவுக்கு எழுந்த வீடு திரும்பத் தூங்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் டிபன் கட்ட வேண்டும், ஷூவைத் தேட வேண்டும்.

மதம் மாற்றிவிடுவார்கள் என்ற அச்சம் பற்றி ஒரு வரி போதும். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்திருக்கிறார்கள். மேலப்பாளையத்தில் பாங்கு ஒலி குறையவில்லை.

எனக்கு அனுபவம் இல்லாத இடம் மேல்வகுப்பு. எல்கேஜியில் கிடைத்த இடம் பன்னிரண்டாம் வகுப்பு வரை போகிறது, அதனால் மூன்று வயதில் எடுக்கும் முடிவு பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான். ஆறாம் வகுப்புக்குப் பிறகு அவள் தலைமுக்காடு போட விரும்பினால்? 2022இல் கர்நாடகத்தில் வகுப்பறையில் முக்காட்டுக்குத் தடை வந்ததை எல்லாரும் பார்த்தோம். உயர் நீதிமன்றம் தடையை ஏற்றது, உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் இரு வேறு தீர்ப்பு சொன்னார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஓர் அரசாணை இல்லை, ஒவ்வொரு பள்ளியும் தன் சீருடை விதிப்படி நடந்துகொள்கிறது. சேர்க்கையின்போதே இதைக் கேட்டேன். மேல்வகுப்பில் சில மாணவிகள் வெள்ளைத் துணியில் முக்காடு போடுகிறார்கள், தடுப்பதில்லை என்றார் சகோதரி. எழுதித் தருவீர்களா என்றதற்கு, சில ஆண்டுகளில் தமக்கு மாற்றல் வந்துவிடும், அடுத்து வருபவருக்காகத் தாம் எப்படிக் கையெழுத்துப் போட முடியும் என்று திருப்பிக் கேட்டார். நியாயமான பதில்தான். ஆனால் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. புதிய தலைமைச் சகோதரி வந்ததும் மறுபடி போய்க் கேட்க வேண்டும்.