மூட்டு வலிக்கு தேனீ மருந்துனு 4,800 ரூபா போச்சு, யாரும் வாங்காதீங்க

தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டம் பக்கத்துல இருந்துட்டு தேனீ பேரச் சொல்லி ஏமாந்தவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். வெளிய சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் வீங்கும், காலைல கட்டில விட்டு எறங்கவே பத்து நிமிஷம் ஆகும். இன்ஸ்டால ஒரு பேஜ், புரோபோலிஸ் (தேனீ சேக்குற பிசின்) சொட்டு, ராயல் ஜெல்லி (ராணித் தேனீக்கு ஊட்டுற கூழு), தேனீ விஷ க்ரீம் மூணும் சேத்து காம்போ, எல்லாமே நம்ம நாட்டு அடுக்குத் தேனீ பெட்டில எடுத்ததுனு போட்டிருந்தான். ஆராய்ச்சி லிங்க் வேற அனுப்புனான். படிச்சேன், அது பொய்யில்ல, புரோபோலிஸ்ல கேப்னு ஒரு பொருள் வீக்கத்த கெளப்புற சிக்னல அடக்குதுனு நெஜமாவே இருக்கு, ஆனா அது செல்லுலயும் எலிலயும் பாத்தது. எலிக்கும் எங்கம்மாவுக்கும் உள்ள வித்தியாசம் அப்போ மண்டைல ஏறல. இங்கிலீஷ் மருந்தோட சேந்தா வேலை செய்யாதுனு வேற சொன்னான், அம்மாவும் மாத்திரைய நிறுத்திட்டாங்க.

க்ரீம் தேச்சதும் சூடா இருந்துச்சு, தைல வாசனை, "பரவால்லடா"னு சொன்னாங்க. நாலாம் நாள் முட்டிய சுத்தி செவப்பா தடிச்சு நீர்க்கொப்புளம். தோல் டாக்டர் அலர்ஜினு சொல்லி செம டோஸ் விட்டாரு, ஆஸ்துமாவோ தேனீ அலர்ஜியோ இருக்குறவங்க ராயல் ஜெல்லி சாப்ட்டா மூச்சே அடைச்சுக்கும், உங்கம்மாவுக்கு இதோட போச்சுனு நெனச்சுக்கோனாரு.

அப்புறம்தான் தேனீ வளர்க்குற அண்ணாச்சி ஒருத்தர்ட்ட பாட்டில கொண்டுபோனேன். ரப்பர் தோட்டத்துல தேன் எடுக்குற சீசன் முடிஞ்சு சும்மாதான் இருந்தாரு. பாத்ததுமே சிரிச்சாரு. "மக்கா, நம்ம அடுக்குத் தேனீ பிசினே சேக்காது, இத்தாலித் தேனீயும் கொசுத்தேனீயும்தான் சேக்கும், அது பெட்டில இருந்து இவன் என்னத்த எடுத்தான்?" ஒரு டம்ளர் தண்ணில ரெண்டு சொட்டு விட்டாரு. சாராயத்துல கரைச்ச நெஜ பிசின்னா தண்ணி பால் மாதிரி கலங்கணுமாம், இது வெல்லத் தண்ணி மாதிரி தெளிவா கரைஞ்சு போச்சு. ராயல் ஜெல்லிய நாக்குல வெச்சுப் பாத்தாரு, அது புளிச்சு சுருக்குனு குத்தணும்டே, இது ஒரே இனிப்புனு துப்பிட்டாரு. ஃப்ரிட்ஜ்ல வெக்க வேண்டிய சாமான் எனக்கு வெயில்ல கூரியர்ல வந்துச்சு, அப்பவாவது யோசிச்சிருக்கணும்.

அவன்ட்ட கேட்டா "உடம்புல உள்ள கழிவு வெளிய வருது மேடம்"னான். நான் மேடமே இல்லடா. பணத்த கேட்டதும் பிளாக். லேபிள்ல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ்) நம்பரும் இல்ல, பேட்ச் நம்பரும் இல்ல, வாங்குறப்ப பாக்காம இப்போ பூதக்கண்ணாடி வெச்சு தேடுறேன். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி புகார் குடுத்திருக்கேன், பாட்டில், கூரியர் கவர், ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். அம்மா மறுபடி பழைய மாத்திரைதான், கொப்புளம் காஞ்சுட்டு வருது.