காலுக்கு அடங்காத சத்தம்

நாலு வருஷமாக என் பெடல் ஸ்டீல் கிட்டாரோடு கச்சேரிக்கு வரும் சின்ன ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) போன வாரம் ரிப்பேரிலிருந்து திரும்பி வந்தது. விசிறியை மாற்றியிருக்கிறார்கள், 140 டாலர். வீட்டில் வைத்து இருபது நிமிஷம் வாசித்தேன். ஆம்ப் நன்றாகச் சூடானதும், சத்தத்தைக் காலால் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடலை மூடினேன். அதே ‘ஸ்ஸ்ஸ்’. பழைய விசிறியைவிடச் சன்னமாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே வாரம் டல்லாஸிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். “அண்ணே, பத்துக் கம்பி ஸ்டீல் ஒண்ணு வாங்கிட்டேன், ஈ9 ட்யூனிங். ஆம்ப் எது வாங்கட்டும்?” ஸ்டீல் என்றால் பெடல் ஸ்டீல் கிட்டார். கிடையாக வைத்து, ‘பார்’ என்கிற இரும்பு உருளையைக் கம்பிமேல் நகர்த்தி, காலால் பெடல்களை மிதித்துச் சுருதியை மாற்றி வாசிப்பது. ஈ9 என்பது அதன் கம்பிகளுக்குச் சுருதி சேர்க்கும் ஒரு முறை. ஒரு மணி நேரம் பேசியும் முடியவில்லை. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பதினோரு வருஷத்தில் மூன்று ஆம்ப் என் கைக்கு வந்தன. முதலில் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், அப்புறம் பழைய பீவி நாஷ்வில் 400, கடைசியாக இந்தச் சின்னது. சின்னதின் பெயர் வேண்டாம். என்னிடம் இருக்கும் ஒரே பெட்டியை வைத்து ஒரு கம்பெனியையே தீர்த்துக்கட்டுவது நியாயமில்லை.

தம்பி கேட்ட முதல் கேள்வி, “கிட்டார் ஆம்ப் இருக்கே, அது போதாதா?” போதாது. கிட்டார் வாசிப்பவருக்கு ஆம்ப் கொஞ்சம் கரகரத்தால் சந்தோஷம். நமக்கு அது விஷம். மூன்று கம்பியைச் சேர்த்து மீட்டிவிட்டு, சுருதியை மாற்றும் பெடல்களில் ‘ஏ’ என்பதை மிதித்தால், ஐந்தாம் கம்பி மட்டும் பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு வழுக்கி ஏறும். மற்ற இரண்டும் இருந்த இடத்தில் அசையாமல் நிற்கும். பெடல் ஸ்டீலின் அழகே அதுதான். கோட்டுவாத்தியம் கேட்டு வளர்ந்த என் காதை இந்த வாத்தியம் பிடித்து இழுத்ததும் அந்த ஏற்றத்தில்தான். ஆம்ப் திணறினால் என்ன ஆகும்? அந்த மூன்று ஸ்வரங்களின் கூட்டலும் கழித்தலுமாக, நீங்கள் வாசிக்காத ஸ்வரங்கள் நடுவில் முளைக்கும். கம்பி ஏற ஏற அவையும் கூடவே நகரும். கேட்பவருக்குச் சுருதி கெட்ட மாதிரி இருக்கும், கை சரியாகத்தான் வாசித்திருக்கும்.

இதில் வலது காலின் வேலையும் இருக்கிறது. மீட்டும்போது வால்யூம் பெடல் பாதிதான் திறந்திருக்கும். நாதம் தேயத் தேயக் கால் மெல்ல அழுத்தும். கம்பியில் அதிர்வு குறைவதைக் கால் ஈடுகட்டுவதால்தான் ஸ்டீலின் ஸ்வரம் அவ்வளவு நேரம் நிற்கிறது. பெடலை அரைவாசி மூடி வைத்தே அரங்கத்துக்குப் போதுமான சத்தம் வர வேண்டும், முழுக்கத் திறந்தாலும் கரகரக்கக் கூடாது. வாட் கணக்கு இதற்காகத்தான்.

ஆனால் வாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். சக்தியை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது சின்ன ஏற்றம். ட்வின் 85 வாட், நாஷ்வில் 400 ஏறக்குறைய 210 வாட். இரண்டுக்கும் வித்தியாசம் 4 டெசிபல்கூட இல்லை. குறைந்த வாட்டிலேயே அதிகம் முழங்கும் ஸ்பீக்கர் இருந்தால் அந்த வித்தியாசத்தை அதுவே சரிக்கட்டிவிடும்.

ட்வினைப் பற்றி நீட்ட மாட்டேன். இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், பழைய ரேடியோவில் இருப்பது போன்ற நான்கு பவர் ட்யூப். வீட்டில் தனியாக வாசித்தால் அதைப் போல இனிமை வேறெதிலும் கிடையாது. ட்ரம்ஸும் பேஸும் சேர்ந்த மேடையில் என் ஸ்டீலின் இன்னொரு கழுத்தில், சி6 ட்யூனிங்கில் இருக்கும் தடித்த கம்பிகளை அடித்தால் அதற்கு மூச்சு வாங்கும். எடை 29 கிலோ. என் முதுகு ஒத்துக்கொள்ளவில்லை, கொடுத்துவிட்டேன்.

நாஷ்வில் 400 வேறு ஜாதி. மிசிசிப்பி மாநிலம் மெரிடியனில் இருக்கும் பீவி கம்பெனி ஸ்டீல் வாசிப்பவர்களை மனதில் வைத்தே செய்த பெட்டி அது. ஒற்றை 15 அங்குல ஸ்பீக்கர், ட்யூபே கிடையாது. ஸ்பெசிஃபிகேஷன் எல்லாம் எங்கும் கிடைக்கும். நான் சொல்ல வருவது அதில் ‘ஷிஃப்ட்’ என்று எழுதிய ஒரே ஒரு குமிழைப் பற்றி.

ஸ்டீலின் பிக்கப்பில், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளில், கிட்டார் பிக்கப்பைவிடச் சுற்று அதிகம். அதனால் நடு அலைவரிசையில் ஒரு மூக்கடைத்த குரல் வரும். மிட் குமிழைத் திருப்பிக் குறைக்கலாம்தான், ஆனால் பெரும்பாலான ஆம்ப்களில் அது எந்த இடத்தைக் குறைக்கும் என்று கம்பெனி முடிவு செய்திருக்கும். இதில் அந்த இடத்தை நாமே நகர்த்தலாம். மிட்டை நன்றாக இறக்கிவிட்டு ஷிஃப்ட்டை 800 ஹெர்ட்ஸ் பக்கம் கொண்டுபோங்கள். ஸ்டீல்காரர்கள் பல பேர் போய் நிற்கும் இடம் அது. நான் முதல் நாள் பாரை மூன்றாம் கம்பியில் பதினைந்தாம் கட்டின் மேல் வைத்து, பி பெடலை மிதித்துக்கொண்டு, அந்தக் குமிழை மெதுவாகத் திருப்பினேன். 0.011 அங்குலம்தான் அந்தக் கம்பி, ஜி ஷார்ப்புக்கு இழுத்துக் கட்டினால் விறைத்து நிற்கும். பன்னிரண்டாம் கட்டுக்கு மேலே போனால் பல ஆம்ப்களில் கண்ணாடியில் ஆணி கீறுவது போல இருக்கும். குமிழ் ஓர் இடத்தைத் தாண்டியதும் கீறல் போய்விட்டது. ஒரு பெண் ஜலதோஷம் விட்டுப் பாடத் தொடங்கியது போல இருந்தது. அன்று ராத்திரி ஒரு மணி வரை அந்த ஒரே கம்பியை வாசித்துக்கொண்டிருந்தேன்.

சரி, சின்ன ஆம்புக்கு வருகிறேன். முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன். எடை 11 கிலோ, ஒரு கையில் ஆம்ப், மறு கையில் ஸ்டீல் பெட்டி, ஒரே நடையில் மேடைக்குப் போய்விடலாம். நாலு வருஷத்தில் ஒருமுறைகூட மேடையில் கைவிட்டதில்லை. 200 வாட், எவ்வளவு அழுத்தினாலும் கரகரப்பு இல்லை. மூன்றாம் கம்பிகூட அதில் சகிக்கும்படிதான் இருக்கிறது. முன் வரிசையில் இருப்பவருக்கு இதற்கும் நாஷ்வில்லுக்கும் வித்தியாசம் தெரியாது, சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த விசிறி. சின்னதில் இருப்பது கிளாஸ் டி என்கிற வகைச் சுற்று. அது வீணாக்கும் மின்சாரம் குறைவு, சூடும் குறைவு. என்றாலும் எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்தால் காற்று வேண்டும், அதனால் விசிறி. டெக்சாஸ் டான்ஸ் ஹால்களில் பல மரக் கட்டடங்கள். நியூ பிரான்ஃபெல்ஸில் இருக்கும் க்ரீன் ஹால் 1878-ல் கட்டியது, ஏசி கிடையாது. அப்படியொரு இடத்தில் ஜூலை மாசம் வாசித்தால் முதல் பாட்டு முடிவதற்குள் விசிறி முழு வேகத்துக்குப் போய்விடும்.

வேகமான ஷஃபிள் தாளத்தில் யாருக்கும் கேட்காது. மூன்று எண்ணிக்கையில் போகும் மெதுவான வால்ட்ஸில்தான் வினை. பாடகர் ஒரு வரியை முடிக்கிறார், நான் பதில் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் ஒரு சின்ன மௌனம். அந்த மௌனத்தைக் காலால் செய்கிறோம். பிக்கப்பின் உறுமல், மதுக்கடைப் பக்கம் இருக்கும் நியான் விளக்கு தரும் இரைச்சல், இரும்பு உருளை கம்பியில் உரசும் ஒலி எல்லாம் பெடலை மூடினால் சேர்ந்து அடங்கும். விசிறி மட்டும் அடங்காது. அது பெடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, என் காலுக்கு அது கட்டுப்பட்டதே இல்லை. நான் செய்த மௌனத்தின் நடுவில் அது பேசிக்கொண்டே இருக்கிறது. ஆம்ப் என் முதுகுக்குப் பின்னால் நாலடி தூரத்தில் இருப்பதால் சபையில் யாருக்கும் கேட்காமல் இருக்கலாம். எனக்குக் கேட்கிறது. கேட்டவுடன் அவசரப்பட்டு அடுத்த ஸ்வரத்தை எடுத்துவிடுகிறேன். என் வாசிப்பே அதனால் மாறுகிறது, கோபம் அதற்குத்தான்.

கம்பெனிக்கு இரண்டு முறை எழுதினேன். “வரையறுத்த அளவுக்குள்தான் இருக்கிறது” என்று பதில் வந்தது. அளவுக்குள் இருக்கலாம். வால்ட்ஸுக்குள் இல்லை.

ஆகவே தம்பி, மேலே எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் சின்ன ஆம்ப்தான் ஜெயிக்கிறது. கனமில்லை, கெடுவதில்லை, கரகரப்பதில்லை. ஆனாலும் அதை வாங்காதீர்கள். பழைய நாஷ்வில் 400 நல்ல நிலைமையில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் விசிறி கிடையாது. தூக்க ஆள் பிடியுங்கள். இலகுவான ஆம்ப்தான் வேண்டும் என்றால் கடைக்கு உங்கள் பெடலைக் கொண்டுபோங்கள். அரை மணி நேரம் சத்தமாக வாசித்து ஆம்பைச் சூடாக்குங்கள், அப்புறம் பெடலை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் உட்காருங்கள். விற்பவர் பேச ஆரம்பித்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

என்னுடையதை விற்கப் போகிறேன். வருபவரிடம் விசிறியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவேன். நாளைக்குக் கச்சேரி, நாஷ்வில்லை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. இறக்குவதற்கு மகன் வருகிறேன் என்றிருக்கிறான்.