வேலை உறுதி என்ற சிஎன்சி பயிற்சி: 42,000 ரூபாய் போனது

கோவையில், கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் சிஎன்சி, விஎம்சி இயந்திரங்களில் பயிற்சி தரும் ஒரு தனியார் மையத்தில் 42,000 ரூபாய் கட்டி ஏமாந்து, நேற்று மாலைதான் வெறுங்கையோடு திரும்பினேன். அதே மையத்தின் விளம்பரம் இன்று காலையும் என் கைப்பேசிக்கு வந்ததால், கோபம் ஆறும்வரை காத்திருக்காமல் இதை எழுதுகிறேன்.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த என்னுடன் அம்மாவும் அங்கு வந்தார். நிர்வாகி பணத்தைப் பற்றி முதலில் பேசவே இல்லை. அம்மாவை உட்காரவைத்து, டீ வரவழைத்து, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்ற விஎம்சி இயந்திரத்தைக் காட்டி, "மூணு மாசம் இந்த மெஷின் உங்க பையன் கையிலதான் இருக்கும், அப்புறம் வேலைக்கு நான் பொறுப்பும்மா" என்றார். அந்த மரியாதையான பேச்சை நம்பித்தான், மகளிர் சுயஉதவிக் குழுவில் அம்மா வாங்கிய கடன் 42,000 ரூபாயையும் ஒரே தவணையாகக் கொடுத்தோம்.

மூன்று மாதங்களில் அந்த இயந்திரத்தின் ஸ்பிண்டில், அதாவது வெட்டும் டூலைச் சுழற்றும் தண்டு, ஒருநாள்கூடச் சுழலவில்லை. திரையில் அலாரம் நின்றபடியே இருந்தது. கேட்கும்போதெல்லாம் சர்வீஸ் ஆள் வரவேண்டும் என்றார்கள். கணினி சிமுலேட்டரில் ஜி00, ஜி01 என்று டூலை நகர்த்தும் கட்டளைகளைப் புரோகிராமாக எழுதியதோடு பயிற்சி முடிந்தது. டயல் அளவுகருவி வைத்து, உலோகத்தைப் பிடிக்கும் வைஸை நேராக்குவதையும், டூல் மழுங்கும்போது சத்தம் மாறுவதையும் சிமுலேட்டர் எப்படிக் கற்றுத்தரும்?

நானே தேடிச் சென்ற குறிச்சி சிட்கோ பட்டறையில், "ஜாப்பைக் கட்டி ஜி54-ல ஜீரோ எடுங்க தம்பி" என்றார் சூப்பர்வைசர். வெட்டவேண்டிய உலோகத்தைப் பொருத்தி, அளவு தொடங்கும் புள்ளியை இயந்திரத்தில் பதியும் வேலை அது. எனக்குக் கை ஓடவில்லை. சான்றிதழைப் பார்த்த அவர், இதில் அந்த மையத்தின் முத்திரையைத் தவிர எந்த அங்கீகாரமும் இல்லையே என்று வருத்தத்தோடு திருப்பித் தந்தார்.

பணத்தைக் கேட்டபோது, நிர்வாகி வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். பிறகு கணக்காளரைப் பாருங்கள் என்றார்கள். நேற்று, ரசீதின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருந்த "கட்டணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியைக் காட்டினார்கள். அம்மாவை உட்காரவைத்துப் பேசிய அதே மனிதர், நேற்று அவரை வாசலிலேயே நிற்கவைத்தார். 42,000 ரூபாயைவிட எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சேர நினைப்பவர்கள், இயந்திரம் ஓடி உலோகம் வெட்டுப்படுவதைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். சான்றிதழுக்கு, தொழிற்பயிற்சியை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான என்.சி.வி.இ.டி.யின் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். முழுத் தொகையை ஒரே தவணையில் தராதீர்கள். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முதலில் அங்கே விசாரியுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டேன். திங்கட்கிழமை ரசீதோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன்.