மூன்று வருடம் புரோபயாட்டிக்: வயிறு கேட்டது, ஃபுளூ கேட்கவில்லை

நான் சிங்கப்பூரில், செங்காங்கில் ஒரு பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். திங்கட்கிழமை ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் வியாழனுக்குள் பாதி வகுப்புக்கு ஒழுகும். வெள்ளி ராத்திரி எனக்குத் தொண்டை கரகரக்கும். முகக்கவசம் போட்டிருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 2022 ஆகஸ்ட் கடைசியில் வகுப்பறையில் கவசத்தைக் கழற்றினோம். 2023 பிப்ரவரி 13 முதல் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் போட வேண்டியதில்லை என்றார்கள். இடைப்பட்ட அந்த ஆறு மாதத்தில் எனக்கு ஐந்து முறை தடுமன் பிடித்தது.

எண்ணிக்கை எப்படித் தெரியும் என்றால், தேக்காவில் மளிகைக் கடைக்காரர் வருடா வருடம் கொடுக்கும் மாத நாள்காட்டியில் எழுதி வைப்பேன். சளி பிடித்தால் 'ச', காய்ச்சல் வந்தால் 'கா', எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்த நாளுக்கு ஒரு வட்டம். கீழே என்னைப் பற்றிச் சொல்லும் கணக்கு எல்லாம் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்து எழுதியது.

2023 மார்ச்சில்தான் முதல் புரோபயாட்டிக் பாட்டிலை வாங்கினேன். குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்களை உயிரோடு அடைத்த மாத்திரை. 30 மாத்திரை, 46 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கடையில் இருந்த பெண் நம் ஊர்ப் பிள்ளை, அன்பாகத்தான் பேசினார். "அக்கா, எதிர்ப்புச் சக்தி முக்கால்வாசி வயித்துலதான் இருக்கு. இதை விடாம சாப்பிடுங்க, ஃபுளூ ஊசியே தேவையில்ல" என்றார். முதல் வாக்கியத்தில் உண்மை உண்டு. உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடலை ஒட்டித்தான் இருக்கிறது. உண்மையோடு ஒட்டி வந்ததால் இரண்டாவது வாக்கியத்தையும் அப்படியே நம்பிவிட்டேன். பள்ளியில் ஊசி போட ஏற்பாடு செய்தபோது அந்த வருடம் என் பெயரைக் கொடுக்கவில்லை.

அந்தப் பேச்சைச் சொல்லி அந்த மாத்திரையை விற்கவே கூடாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சிங்கப்பூரில் இந்த மாதிரிச் சத்து மாத்திரைகளை விற்பதற்கு முன்னால் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று சொல்லி விற்கத் தடை இருக்கிறது. அலமாரியில் இருக்கிறது என்பதாலேயே அரசாங்கம் சோதித்து அனுப்பியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

சரி, சாப்பிட்டு என்ன ஆனது?

முதல் பத்து நாள் வயிறு உப்புசம். வகுப்பில் உட்கார்ந்து எழுந்தால் சங்கடம். விட்டுவிடலாமா என்று யோசித்தேன். மூன்றாவது வாரத்தில் அடங்கிவிட்டது. அப்புறம் ஒரு மாற்றம் நன்றாகத் தெரிந்தது: எனக்கு இருபது வயதிலிருந்தே இருந்த மலச்சிக்கல் குறைந்தது. காலை ஆறே காலுக்குப் பேருந்து பிடிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரியும். இதற்காகவே காசு கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

மாத்திரையைப் பத்திரப்படுத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர் வெக்கையில் இது சாதாரண விஷயம் இல்லை. என்னுடையது குளிரில் வைக்க வேண்டிய வகை. இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்தான் வைப்பேன். ஒரு தடவை வெள்ளிக்கிழமை மாலை சமையல் மேடையில், ஜன்னலோரம் மறந்துவிட்டு ஜொகூர் போய்விட்டோம். ஞாயிறு இரவு வந்து திறந்தால் மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டி, மேலுறை மிட்டாய்த் தாள் போலச் சுருங்கிக் கிடந்தன. உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் அந்த நுண்ணுயிர்களுக்கு வேலை. பாதிக்கு மேல் மீதமிருந்த பாட்டிலை மனசில்லாமல் குப்பையில் போட்டேன்.

வாங்குவதற்கு முன் பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். எத்தனை கோடி என்ற எண் முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும். அது தயாரித்த நாளில் இருந்த எண்ணிக்கையா, காலாவதி நாள் வரை இருக்கும் எண்ணிக்கையா என்பது பின்பக்கத்தில்தான் இருக்கும். இரண்டாவது எண்தான் நமக்கு வேண்டியது. பெயரும் முழுசாக இருக்க வேண்டும். 'லாக்டோபேசில்லஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் அது 'முருகன்' என்று மட்டும் சொல்லி முகவரி கேட்பது போல. எந்த ஊர் முருகன், யார் வீட்டு முருகன்? 'ரம்னோசஸ் ஜிஜி' என்று வால் வரைக்கும் இருந்தால்தான் எந்த வகையை வைத்து ஆராய்ச்சி நடந்தது என்று தேட முடியும். அந்த 'ஜிஜி', அதைக் கண்டெடுத்த கோர்பாக், கோல்டின் என்ற இருவரின் முதலெழுத்து. 2020-ல் இந்தக் குடும்பத்தையே பல பிரிவாகப் பிரித்துப் பெயர் மாற்றிவிட்டார்கள். அதனால் ஒரே கிருமி ஒரு பாட்டிலில் 'லாக்டோபேசில்லஸ்' என்றும் இன்னொன்றில் 'லாக்டிகேசிபேசில்லஸ்' என்றும் இருக்கும். புதுச் சரக்கு என்று நினைத்து நான் ஒருமுறை 12 வெள்ளி கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன்.

இப்போது சளிக் கணக்கு. 2023 ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதத்தில் மூன்று 'ச'. கவசத்தைக் கழற்றிய பிறகான அந்த ஆறு மாதத்தில் ஐந்து. குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே சமயம் என் உடம்பும் இரண்டு வருடமாகப் பார்க்காத கிருமிகளை மறுபடி பார்த்துப் பழகிக்கொண்டிருந்தது. மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, பழக்கத்துக்கு எவ்வளவு பங்கு என்று ஒருத்தியின் நாள்காட்டியை வைத்துப் பிரிக்க முடியாது. அதற்கு ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்த ஆய்வு வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, பல ஆய்வுகளைச் சேர்த்து 2022-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. மூக்கு, தொண்டைத் தொற்று ஒருமுறையாவது வந்தவர்கள் புரோபயாட்டிக் எடுத்தவர்களிடையே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு, வந்தாலும் ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலாகச் சீக்கிரம் சரியாகிறது என்பது அதன் சாரம். ஆய்வுகளின் தரம் ஒரே மாதிரி இல்லை, அதனால் ஆதாரம் அவ்வளவு உறுதியானது இல்லை என்றும் அதிலேயே இருக்கிறது. என் நாள்காட்டியோடு ஒத்துப்போகிற முடிவுதான். ஆனால் அது பொதுவான சளித் தொற்று பற்றியது. ஃபுளூ ஊசிக்குப் பதில் இதைச் சாப்பிடலாம் என்று அதில் எங்கும் சொல்லவில்லை.

2023 டிசம்பர் 5, செவ்வாய். நாள்காட்டியில் அந்தக் கட்டம் முழுக்க வட்டம். காலையில் நன்றாகத்தான் இருந்தேன். மத்தியானம் வெண்பலகையில் 'ழ' எழுதும்போது கை நடுங்கிச் சுழி கோணலானது. முன்வரிசையில் ஒரு பிள்ளை, "டீச்சர், தப்பு" என்றாள். நாலு மணிக்கு நிற்க முடியவில்லை. முதுகெலும்பை யாரோ முறுக்கிப் பிழிவது போல வலி. வீட்டில் பார்த்தால் 39.4 டிகிரி. தடுமன் மெல்ல மெல்ல ஏறும். இது கதவை உடைத்துக்கொண்டு வந்தது. மருந்தகத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, இன்ஃபுளுவென்சா ஏ என்றார்கள். அன்று காலையிலும் மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். ஒன்பது மாதத்தில் நான்கைந்து நாள்தான் விட்டிருப்பேன்.

எனக்கு எட்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் மூன்றாவது நாள் வீட்டில் இருக்கும் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. 71 வயது, சர்க்கரை வேறு. அவரும் ஊசி போட்டிருக்கவில்லை. "ஊசி போட்டாத்தான் தாயி காய்ச்சலே வரும்" என்பார். என் பாட்டிலைப் பார்த்து, "எனக்கும் அதுல ஒண்ணு குடு, போதும்" என்றபோது நானும் சரி என்று எடுத்துக் கொடுத்தவள். நிமோனியாவாகி ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். பிராணவாயுக் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு, பேச முடியாமல், என் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கட்டங்களில் நான் எதையும் எழுதவில்லை. வெறுமையாக இருக்கின்றன.

எனக்குப் புரிய வைத்தவர் அங்கே பணியில் இருந்த இளம் டாக்டர். அவர் சொன்னதை என் பள்ளிக்கூடப் பாஷையில் சொல்கிறேன். எங்கள் வாசலில் ஒரு காவலாளி இருக்கிறார். விழிப்பானவர், சந்தேகமாக யார் வந்தாலும் நிறுத்துவார். ஆனால் மாலையில் பிள்ளைகளை அழைத்துப் போக வருகிறவர்களுக்கென்று எங்களிடம் புகைப்படப் பட்டியல் ஒன்று இருக்கிறது. முகத்தைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பிள்ளையை விடுவோம். குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் காவலாளியைத் தூங்காமல் வைத்திருக்க உதவலாம். ஃபுளூ கிருமியின் முகத்தை உடம்புக்குக் காட்டித் தருவது ஊசிதான். அந்தக் கிருமி முகத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் உலகச் சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு தடவை, வடகோளத்துக்கு ஒன்று, தென்கோளத்துக்கு ஒன்று என்று படத்தை மாற்றச் சொல்கிறது. நமக்குக் குளிர்காலம் இல்லாததால் வருடம் முழுக்க ஃபுளூ சுற்றிக்கொண்டே இருக்கும், வருட நடுவிலும் வருடக் கடைசியிலும் கூடும். ஊசியும் முழுக் கவசம் இல்லை. பொருத்தமாக அமைந்த வருடங்களில் டாக்டரைப் பார்க்க வேண்டிய அளவு ஃபுளூ வரும் அபாயத்தை 40 முதல் 60 விழுக்காடு வரை குறைக்கிறது. போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் வேலை செய்யத் தொடங்கும். ஆனால் அத்தை வயதில், மருத்துவமனைப் படுக்கை வரை போகாமல் தடுப்பதுதானே பெரிய விஷயம்.

2024 ஜனவரியில் நான் போட்டுக்கொண்டேன். அத்தைக்கு உடம்பு தேறியதும் போட்டோம். ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் அவர் பதிந்திருந்ததால் ஒரு காசு செலவில்லை. முன்பே போட்டிருந்தாலும் செலவில்லாமல் முடிந்திருக்கும் என்று தெரிந்தபோது அழுகை வந்தது.

மாத்திரையை என்ன செய்தேன்? 2024 ஜூலையிலிருந்து ஆறு மாதம் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன். இரண்டு மூன்று வாரத்திலேயே பழைய மலச்சிக்கல் திரும்பிவிட்டது. இந்த நுண்ணுயிர்கள் குடலில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை, நிறுத்தினால் கொஞ்ச நாளில் போய்விடும். சளி, நிறுத்திய ஆறு மாதத்தில் மூன்று; சாப்பிட்ட முந்தைய ஆறு மாதத்தில் இரண்டு. இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 2025-ல் மறுபடி தொடங்கினேன், வயிற்றுக்காக. ஊசி வருடம் தவறாமல். ஃபுளூ இதுவரை திரும்ப வரவில்லை.

நடுவில் பல் பிடுங்கியபோது ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். அதோடு வரக்கூடிய வயிற்றுப்போக்குக்கு டாக்டர் சொன்னது வேறு வகைப் புரோபயாட்டிக், 'சாக்கரோமைசஸ் பொலார்டி'. இது பாக்டீரியா இல்லை, ஈஸ்ட். அதனால் ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லாது. 1920-களில் பொலார் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் தோலிலிருந்து கண்டுபிடித்தது. அந்தத் தடவை எனக்கு வயிற்றுப்போக்கு வரவில்லை. ஆனால் ஆன்டிபயாட்டிக் முடிந்த பின் எல்லோரும் புரோபயாட்டிக் எடுக்க வேண்டும் என்பதும் சரியில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் ஆய்வு நிலையம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், அப்படி எடுத்தவர்களுக்குச் சொந்தக் குடல் நுண்ணுயிர்கள் திரும்பி வரத் தாமதமாகியிருந்தது.

கேட்கிறவர்களுக்காக இரண்டு விஷயம். தயிர் போதாதா என்றால், எனக்குத் தயிர் பிடிக்கும், தினமும் சாப்பிடுகிறேன். ஆனால் வீட்டுத் தயிரில் எந்த வகை, எத்தனை என்று தெரியாது. இட்லி மாவில் இருப்பவை ஆவியிலேயே செத்துவிடும். அடுத்தது முக்கியம்: குறைமாதக் குழந்தைகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. உயிருள்ள கிருமி ரத்தத்தில் கலந்துவிடலாம். 2023-ல் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தை ஒன்று அப்படி இறந்து, அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ எச்சரிக்கை விடுத்தது. அத்தைக்கு நான் மாத்திரை கொடுப்பதில்லை.

பாட்டில் இன்னும் இட்லி மாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நாள்காட்டியில் இப்போது 'ஊ' என்று ஓர் எழுத்து கூடியிருக்கிறது, அத்தைக்கும் எனக்கும் ஒரே கட்டத்தில். இந்த வருடம் அதை அத்தையே சிவப்புப் பேனாவில் எழுதினார்.